இந்த எலெக்ட்ரானைக் கொடுத்தது யார்? காப்பான் ஆக்சைடு உலோகமான ஒரு நிகழ்வின் ஆய்வு

தைப்பூசத்துக்கு முந்தைய வெள்ளிக்கிழமை மாலை. “அக்கா, படலம் கடத்துகிறது. நல்ல உலோகம் போலக் கடத்துகிறது” என்று முனைவர் பட்ட மாணவர் ஒருவர் என் மேசைக்கு வந்து ஒரு தாளை நீட்டினார். நான் சிங்கப்பூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் மென்படலங்கள் வளர்க்கும் கருவிகளைக் கவனித்துக்கொள்கிறவள். அந்தத் தம்பி ஈசூனில் வளர்ந்தவர். எங்கள் குழுவில் தமிழ் பேசுகிறவர்கள் நாங்கள் இருவர்தான். எண்களைக்கூடத் தமிழிலேயே சொல்லிக்கொள்வோம். தாளில் இருந்த மின்தடைக் கோடு அறை வெப்பநிலையிலிருந்து 4 கெல்வின் (ஏறத்தாழ −269 டிகிரி செல்சியஸ்) வரை தடையில்லாமல் இறங்கியிருந்தது. குளிரக் குளிர மின்தடை குறைவது உலோகத்தின் அடையாளம். மின்சாரத்தைக் கடத்தாத காப்பானில் அது ஏறும். இருவருக்கும் மகிழ்ச்சி.

அந்தக் கோடு நாங்கள் வளர்த்த படலத்தினுடையது அல்ல என்பது உறுதியாக மூன்று வாரம் ஆயிற்று. படலத்துக்கு அடியில் இருந்த, காப்பான் என்று நம்பி வாங்கிய படிகமே உலோகமாகியிருந்தது. அந்த மூன்று வாரத்தின் பதிவு இது. பிழை எங்களுடையது, குறிப்பாக அழுத்த அளவுக்கு ஒப்புதல் சொன்ன என்னுடையது. ஆனால் ஓர் ஆக்சைடு ஏன் காப்பானாக இருக்கிறது, எப்போது உலோகமாகிறது என்பதை எனக்கு இந்த நிகழ்வு விளங்கவைத்த அளவுக்கு எந்தப் பாடநூலும் விளங்கவைத்ததில்லை.

செய்ய நினைத்தது

பொருள், ஸ்ட்ரான்ஷியம் டைட்டனேட். தூய படிகம் கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும். அதன் ஒளிவிலகல் எண் வைரத்துக்கு மிக அருகில் இருப்பதால் 1950களில் வைரத்துக்கு மாற்றுக் கல்லாகவே விற்றார்கள். எலெக்ட்ரான் கணக்கைப் போட்டுப் பார்த்தால் அது ஏன் காப்பான் என்பது தெரியும். ஸ்ட்ரான்ஷியம் 2 எலெக்ட்ரான்களைக் கொடுக்கிறது, டைட்டேனியம் 4 கொடுக்கிறது. மூன்று ஆக்சிஜன்கள் தலா 2 வாங்கிக்கொள்கின்றன. கொடுத்தது 6, வாங்கியது 6. ஓடியாட மிச்சம் எதுவும் இல்லை. எலெக்ட்ரான்கள் இருக்கக்கூடிய ஆற்றல் நெடுக்கத்தைப் பட்டை என்பார்கள். நிரம்பிய ஆக்சிஜன் பட்டைக்கும் காலியான டைட்டேனியம் பட்டைக்கும் நடுவே 3.2 எலெக்ட்ரான் வோல்ட் இடைவெளி. கண்ணுக்குத் தெரியும் ஒளிக்கு அதைத் தாண்டும் ஆற்றல் இல்லை. தெளிவாக இருப்பதற்கும் கடத்தாமல் இருப்பதற்கும் காரணம் ஒன்றேதான்.

இந்தக் கணக்கில் ஒரு மிச்சத்தை உண்டாக்குவதுதான் மாசூட்டல். மாசு என்ற சொல் எனக்கு உவப்பானது அல்ல. அழுக்கு என்றல்லவா தோன்றுகிறது? உண்மையில் இது சமையலில் அளந்து இடும் உப்பைப் போன்றது. ஸ்ட்ரான்ஷியத்தின் இடத்தில் லாந்தனத்தை வைத்தால், அது 2க்குப் பதில் 3 எலெக்ட்ரான்களைக் கொடுக்கும். வாங்குவதற்கு ஆளில்லாத அந்த ஓர் எலெக்ட்ரான், காலியாக இருக்கும் டைட்டேனியம் பட்டைக்குப் போய்ச் சேரும். டைட்டேனியத்தின் இடத்தில் நையோபியத்தை வைத்தாலும் அதே பலன்தான். எம்ஆர்டி ரயிலில் நாம் விரலால் தடவும் கைபேசித் திரையிலும் இதுவே நடக்கிறது: இண்டியம் ஆக்சைடில் கலந்த வெள்ளீயம் கொடுத்த எலெக்ட்ரான்கள்தாம் அந்தத் தெளிவான பூச்சைக் கடத்தவைக்கின்றன.

தம்பியின் திட்டம் எளிமையானது. அரை மில்லிமீட்டர் தடிமனுள்ள தூய ஸ்ட்ரான்ஷியம் டைட்டனேட் படிகத்தின் மேல், அதே பொருளில் 5 விழுக்காடு லாந்தனம் சேர்த்த 20 நானோமீட்டர் படலத்தை வளர்ப்பது. முறை, அந்தப் பொருளின் கட்டியை லேசர் துடிப்பால் ஆவியாக்கிப் படியவைப்பது. 1987இல் அமெரிக்காவின் பெல்கோர் ஆய்வகத்தில் டி. வெங்கடேசனும் அவருடைய குழுவினரும் மின்தடையே இல்லாமல் கடத்தும் உயர் வெப்பநிலை மீக்கடத்திப் படலங்களுக்கு இந்த முறையைப் பயன்படுத்திய பிறகுதான் இது உலகமெங்கும் பரவியது. அவர் பின்னாளில் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் நானோகோர் ஆய்வு மையத்தை வழிநடத்தினார்.

முதலில் வளர்த்த படலங்கள் சரியாகக் கடத்தவில்லை. அறைக்குள் ஆக்சிஜன் கூடிவிட்டால் படலத்தில் ஸ்ட்ரான்ஷியம் விடுபட்ட காலியிடங்கள் தோன்றி, லாந்தனம் கொடுத்த எலெக்ட்ரான்களை விழுங்கிவிடும் என்று எண்ணினோம். ஆகவே ஆக்சிஜனைக் குறைத்தோம். பிறகும் குறைத்தோம். கடைசியில் 10⁻⁶ டார், அதாவது வெளிக்காற்றின் அழுத்தத்தில் ஏறத்தாழ நூறு கோடியில் ஒரு பங்கு. வெப்பநிலை 750 டிகிரி செல்சியஸ். சிங்கப்பூரின் ஈரப்பதத்தில் ஒருமுறை அறையைத் திறந்தால் சுவரில் ஒட்டும் நீராவியை வெளியேற்றவே ஓர் இரவு பம்பு ஓட வேண்டும். அதனால் ஒவ்வொரு முயற்சியும் விலை உயர்ந்தது. அழுத்தத்தை ஒரேயடியாகக் குறைத்துப் பார்க்கும் அவசரம் அதில் பிறந்தது.

எண்ணிக்கை இடித்த இடம்

திங்கட்கிழமை ஹால் விளைவு அளவீடு. காந்தப்புலத்தில் மின்னோட்டம் பக்கவாட்டில் எவ்வளவு வளைகிறது என்பதைக் கொண்டு, ஓடும் எலெக்ட்ரான்களை எண்ணிவிடலாம். விடை, ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 10¹⁷.

தம்பி அதைக் குறித்துக்கொண்டு அடுத்த வேலைக்குப் போகப் பார்த்தார். எனக்கு மனம் ஒப்பவில்லை. என் அப்பா தேக்காவில் ஒரு மளிகைக் கடைக்குக் கணக்கெழுதியவர். பற்றும் வரவும் நேராகாமல் இரவில் பேரேட்டை மூடமாட்டார். “தம்பி, இதைப் படலத்தின் தடிமனால் வகுத்துப் பாருங்கள்” என்றேன்.

வகுத்தார். 20 நானோமீட்டருக்குள் அத்தனை எலெக்ட்ரான்களும் இருந்தால், ஒரு கன சென்டிமீட்டருக்கு 5 × 10²². ஆனால் ஸ்ட்ரான்ஷியம் டைட்டனேட்டின் அணுக்கூடு, அதாவது ஒரே ஒரு டைட்டேனியம் கொண்ட அடிப்படை அலகு, 0.3905 நானோமீட்டர் பக்கமுள்ள கனசதுரம். ஒரு கன சென்டிமீட்டரில் 1.68 × 10²² டைட்டேனியம் அணுக்கள்தாம் இருக்க முடியும். எங்கள் அளவீடு ஒவ்வொரு டைட்டேனியத்துக்கும் மூன்று எலெக்ட்ரான்கள் இருப்பதாகச் சொன்னது. நாங்கள் சேர்த்த லாந்தனமோ இருபது கூட்டுக்கு ஒன்று. இருபது கூட்டுக்கு ஓர் எலெக்ட்ரான் வரவு இருக்க, அறுபது செலவாகியிருந்தது.

“கருவி தவறாக அளக்கிறதோ?” என்று கேட்டார். இல்லை, அதே கருவியில் வேறொரு தெரிந்த மாதிரி சரியாகவே வந்தது. இன்னொரு தடயமும் அந்த வெள்ளிக்கிழமைத் தாளிலேயே இருந்தது, மகிழ்ச்சியில் இருவரும் பார்க்கவில்லை. மின்தடை 4 கெல்வினில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியிருந்தது. 5 விழுக்காடு லாந்தனம் நெருக்கமாகச் சிதறிக் கிடக்கும் படலத்தில் எலெக்ட்ரான்கள் எதிலாவது மோதிக்கொண்டே இருக்கும்; பத்துப் பதினைந்து மடங்கு குறைந்தாலே பெரிது. ஆயிரம் மடங்கு என்றால், எலெக்ட்ரான்கள் மிகச் சுத்தமான இடத்தில் ஓடுகின்றன என்று பொருள்.

தம்பி ஒன்றும் பேசாமல் எழுந்து போனார். படிகத்தைப் புரட்டி, படலமே இல்லாத பின்பக்கத்தில் மல்டிமீட்டர் முனைகளை வைத்தார். எண் காட்டியது. புதிய படிகமானால் அளவு எல்லை தாண்டிவிட்டது என்ற குறிதான் வர வேண்டும். சூடேற்றியின் மேல் ஒட்டுவதற்குப் பூசிய வெள்ளிப் பசை மிச்சம் இருக்குமோ என்று நன்றாகத் தேய்த்து எடுத்துவிட்டு மறுபடி வைத்தார். மறுபடியும் எண். உடைத்து, உடைந்த விளிம்பில் வைத்தோம். அங்கும் அதேதான்.

கொடுத்தது ஆக்சிஜன் போன இடம்

10⁻⁶ டாரில், 750 டிகிரியில், படிகம் தன் ஆக்சிஜனை இழந்திருந்தது. ஓர் ஆக்சிஜன் அணு, அணுவாகவே வெளியேறும்போது, தான் வாங்கி வைத்திருந்த 2 எலெக்ட்ரான்களையும் படிகத்திலேயே விட்டுவிட்டுப் போகிறது. வேற்றணு எதுவும் வராமலே மாசூட்டல் நடந்துவிடுகிறது. இல்லாமையே இங்கே கொடையாளி. அந்த வெப்பநிலையில் காலியிடங்கள் வேகமாக ஊர்வதால், ஒரு மணி நேரத்துக்குள் அரை மில்லிமீட்டரும் பரவிவிடும்.

இப்போது அதே 10¹⁷ஐ முழுப் படிகத்தின் தடிமனால் வகுத்தால், ஒரு கன சென்டிமீட்டருக்கு 2 × 10¹⁸. கணக்கு நேராகிறது. இதற்கு எத்தனை ஆக்சிஜன் போயிருக்க வேண்டும் என்று தம்பி கணக்கிட்டார்: ஐம்பதாயிரம் ஆக்சிஜனுக்கு ஒன்று. எக்ஸ் கதிர்ச் சிதறலில் தெரியாது. எடை பார்த்தால் தெரியாது. இன்னும் பல மடங்கு போயிருந்தால் படிகம் நீலமாகி, பிறகு கறுத்து, தானே காட்டிக்கொடுத்திருக்கும். எங்களுடையதோ, வெள்ளைத் தாளில் புதியதன் அருகே வைத்துப் பார்த்தபோதும் உறுதியாகச் சொல்ல முடியாத ஒரு மங்கல்தான்.

இந்தப் பொறியில் விழுந்தவர்கள் நாங்கள் மட்டும் அல்ல. 2004இல் ஓட்டோமோவும் ஹுவாங்கும், லாந்தனம் அலுமினேட், ஸ்ட்ரான்ஷியம் டைட்டனேட் என்ற இரு காப்பான்கள் சந்திக்கும் முகப்பில் உலோகக் கடத்தல் இருப்பதை அறிவித்தார்கள். அடுத்த சில ஆண்டுகள், குறைந்த ஆக்சிஜனில் வளர்த்த மாதிரிகளில் கடத்துவது முகப்பா, ஆக்சிஜன் இழந்த அடிப்படிகமா என்ற விவாதத்திலேயே கழிந்தன. அந்தக் கட்டுரைகளை நான் படித்திருந்தேன். படித்திருந்தும் அழுத்தத்தைக் குறைக்க ஒப்புக்கொண்டேன். எங்கள் சோதனை வேறு, எங்கள் படலத்தில் வேண்டுமென்றே லாந்தனம் இருக்கிறது, ஆகவே கடத்தினால் அது லாந்தனம்தான் என்ற எண்ணம் கண்ணை மறைத்துவிட்டது. எதிர்பார்த்த விடை வந்தால் யாரும் கொடையாளியைத் தேடுவதில்லை.

ஐம்பதாயிரத்தில் ஒன்று எப்படிப் போதும்?

இந்தக் கேள்வி என்னைப் பல நாள் விடவில்லை. உப்பு இவ்வளவு குறைவாக இருந்தும் குழம்பு கரிப்பது எப்படி?

கொடையாளி அணு எலெக்ட்ரானைக் கொடுத்துவிட்டுச் சும்மா இருப்பதில்லை. அதற்கு நேர்மின்னேற்றம் மிஞ்சுகிறது, கொடுத்ததைத் திரும்ப இழுக்கிறது. ஹைட்ரஜனில் எலெக்ட்ரான் புரோட்டானைச் சுற்றுவது போல இங்கும் ஒரு சுற்று உருவாகும். ஹைட்ரஜனில் அதன் ஆரம் 0.053 நானோமீட்டர். படிகத்துக்குள் அந்த இழுவை எவ்வளவு தணிகிறது என்பதை மின்காப்பு மாறிலி சொல்கிறது. சிலிக்கனில் அது 11.7. ஸ்ட்ரான்ஷியம் டைட்டனேட்டில் அறை வெப்பநிலையில் சுமார் 300. 4 கெல்வினில் 20,000க்கும் மேல். இதன் அணிக்கோவை, அதாவது அணுக்களின் ஒழுங்கான அடுக்கு, மிக நெகிழ்வானது. நேர்மின்னேற்றத்தைச் சுற்றி அயனிகள் சற்றே இடம் மாறி அதை மூடி மறைத்துவிடுகின்றன. இழுவை தளர்ந்த எலெக்ட்ரானின் சுற்று அறை வெப்பநிலையிலேயே 10 நானோமீட்டர் அளவுக்கு விரிகிறது. குளிர்ந்தால் நூற்றுக்கணக்கான நானோமீட்டர்.

இயற்பியலாளர் நெவில் மாட் சொன்ன அளவுகோல் இதுதான்: கொடையாளிகளுக்கு இடையேயுள்ள தூரம் சுற்றின் ஆரத்தைப்போல் சுமார் நான்கு மடங்குக்குக் கீழே வந்தால், எலெக்ட்ரான் யாருக்கும் சொந்தமில்லாமல் படிகத்துக்கே பொதுவாகிவிடும். சிலிக்கனில் பாஸ்பரஸ் சேர்த்தால் அந்த எல்லை ஒரு கன சென்டிமீட்டருக்கு 3.7 × 10¹⁸ அளவில் வருகிறது. எங்கள் படிகத்தில் காலியிடங்களின் சராசரித் தூரம் 10 நானோமீட்டர்தான். சுற்றுகள் ஒன்றின்மேல் ஒன்று எப்போதோ படிந்துவிட்டன. இந்தப் பொருள் 10¹⁷க்குக் கீழேயே உலோகமாகிவிடும். அது மட்டுமல்ல, 1964இலேயே ஆக்சிஜன் இழந்த ஸ்ட்ரான்ஷியம் டைட்டனேட் மீக்கடத்தியாகவும் மாறுவதை ஸ்கூலியும் உடனிருந்தவர்களும் கண்டார்கள். அவ்வளவு சிறிய எண்ணிக்கையில் மீக்கடத்தல் எப்படி நிகழ்கிறது என்ற விவாதம் அறுபது ஆண்டு கடந்தும் ஓயவில்லை.

மறுகரை: நிரம்பி நிற்கும் காப்பான்

தைப்பூசத்தன்று சிராங்கூன் சாலை சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் சாலை தெண்டாயுதபாணி கோயிலுக்குப் போகும் ஊர்வலத்தில் என் தங்கை மகனுக்குத் துணையாக நடந்தேன். அவன் அலகுக் காவடி எடுத்திருந்தான். ஓரிடத்தில் வரிசை அப்படியே நின்றுவிட்டது. இரண்டு அலகுக் காவடிகள் ஓரிடத்தில் நிற்க முடியாது, கம்பிகள் இடித்துக்கொள்ளும். அத்தனை பேரும் நடக்கத் தயாராக இருந்தும், முன்னால் இடம் இல்லாததால் ஒருவரும் அசையவில்லை. பிறகு எங்கோ முன்னே ஒருவர் ஓரமாக ஒதுங்கினார். அந்த ஓர் இடைவெளியில் பின்னாலிருந்தவர் நகர, அவர் விட்ட இடத்துக்கு அடுத்தவர் நகர, வெற்றிடம் பின்னோக்கி, பெருமாள் கோயில் பக்கமாகப் பயணம் செய்தது.

எனக்கு அங்கேயே லாந்தனம் டைட்டனேட் நினைவுக்கு வந்துவிட்டது. லாந்தனத்தை 5 விழுக்காட்டோடு நிறுத்தாமல் நூறு வரை கொண்டுபோனால், ஒவ்வொரு டைட்டேனியத்திலும் ஓர் எலெக்ட்ரான் இருக்கும். பட்டைக் கணக்குப்படி அது அருமையான உலோகமாக இருக்க வேண்டும். ஆனால் காப்பான். ஒரே டைட்டேனியத்தில் இரண்டு எலெக்ட்ரான்கள் சேர்ந்தால் அவற்றின் விலக்கு விசைக்கு ஆகும் ஆற்றல் மிகப் பெரிது. ஆகவே ஒவ்வொன்றும் தன் இடத்திலேயே நிற்கிறது. 1937இல் டி போயரும் வெர்வேயும் நிக்கல் ஆக்சைடு போன்றவை பட்டைக் கொள்கைக்கு அடங்காமல் காப்பானாக இருப்பதைச் சுட்டிக்காட்டினார்கள். அதே ஆண்டு பியர்ல்ஸும் மாட்டும் எலெக்ட்ரான்களின் பரஸ்பர விலக்கைக் காரணமாகக் கூறினார்கள். இன்று இவற்றை மாட் காப்பான்கள் என்கிறோம்.

ஆக, ஒரே குடும்பத்தின் இரு முனைகளும் காப்பான்கள், காரணம் மட்டும் நேரெதிர். ஒன்று ஆளில்லாத வீதி, மற்றது நிரம்பி வழியும் வீதி. ஆளில்லாத பக்கத்தில் ஒரு சிலரை அனுப்பினாலே ஓட்டம் தொடங்கிவிடும். நிரம்பிய பக்கத்தில் ஆளை எடுக்க வேண்டும்: லாந்தனத்தில் சுமார் 5 விழுக்காட்டை ஸ்ட்ரான்ஷியமாக மாற்றினால் உலோகமாகும். டோக்குராவின் குழு 1993இல் இந்தத் தொடர் முழுவதையும் அளந்து, நிரம்பிய முனையை நெருங்க நெருங்க எலெக்ட்ரானின் பயனுறு நிறை (படிகத்துக்குள் நகரும்போது அது காட்டும் கனம்) ஏறிக்கொண்டே போவதைக் காட்டியது. இடைவெளி அருகிய ஊர்வலத்தில் ஒரு தப்படிக்கு எவ்வளவு பாடு என்பதை அன்று தோளோடு தோள் இடித்து நடந்தபோது உணர்ந்தேன்.

புகழ்பெற்ற தாமிர ஆக்சைடுகளும் இந்தப் பக்கத்தைச் சேர்ந்தவையே. லாந்தனம் தாமிர ஆக்சைடில் 2 விழுக்காடு ஸ்ட்ரான்ஷியம் சேர்த்தால் காந்த ஒழுங்கு குலைகிறது; 5 விழுக்காட்டுக்கு மேல் மீக்கடத்தல் தோன்றுகிறது. 1986இல் பெட்நோர்ஸும் முல்லரும் திறந்த கதவு அது. அதே வழியில், 2025இல் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் ஆரியாண்டோவின் குழு, எலெக்ட்ரானைக் குறைக்கும்படி மாசூட்டிய சமேரியம் நிக்கல் ஆக்சைடில் 40 கெல்வின் அருகே, சாதாரண அழுத்தத்திலேயே மீக்கடத்தலைக் காட்டியது.

எந்தக் காப்பானிலும் வேற்றணுவைப் போட்டால் உலோகம் கிடைத்துவிடும் என்று எண்ணிவிடக் கூடாது. தேக்கா நகைக்கடைக் கண்ணாடிக்குள் இருக்கும் மாணிக்கமும் மாசூட்டிய ஆக்சைடுதான்: அலுமினியம் ஆக்சைடில் சிறிது குரோமியம். குரோமியமும் அலுமினியத்தைப் போலவே 3 எலெக்ட்ரான்களைக் கொடுப்பதால் நிறம் வந்தது, மிச்சம் வரவில்லை. பச்சை நிற நிக்கல் ஆக்சைடில் லித்தியம் சேர்த்தால் எலெக்ட்ரான் குறைகிறது, நிறம் கறுக்கிறது, கடத்தலும் பல மடங்கு கூடுகிறது. ஆனாலும் அது குறைக்கடத்தியாகவே நின்றுவிடுகிறது. அங்கே உண்டான வெற்றிடம் லித்தியத்தின் அருகிலேயே சிக்கிக்கொள்கிறது.

திருத்தம்

மூன்று சோதனைகள் செய்தோம். படலமே இல்லாத வெறும் படிகத்தை அதே அழுத்தத்தில், அதே நேரம் சூடாக்கினோம். அதுவும் கடத்தியது, ஆனால் எலெக்ட்ரான்கள் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. எஞ்சிய ஆக்சிஜனை வளரும் படலமே அடியிலிருந்து உறிஞ்சிக்கொள்கிறது என்று முடிவுக்கு வந்தோம். அடுத்து, எளிதில் ஆக்சிஜனை இழக்காத, லாந்தனமும் அலுமினியமும் கலந்த டான்டலேட் படிகத்தின் மேல் அதே படலத்தை வளர்த்தோம். எண்ணிக்கை உடனே இறங்கியது.

மூன்றாவதாக, முதல் நாள் உடைத்த படிகத்தின் மறுபாதியை ஒரு வளிமண்டல அழுத்த ஆக்சிஜனில், 600 டிகிரியில், இரவு முழுதும் வைத்து மெல்ல ஆறவிட்டோம். காலையில் பின்பக்கத்தில் முனைகளை வைத்தபோது எல்லை தாண்டிய குறி. முன்பக்கம் கடத்தியது. ஹால் அளவீட்டில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 1.4 × 10¹⁵. லாந்தனம் முழுவதும் கொடுத்திருந்தால் 1.7 × 10¹⁵ வந்திருக்க வேண்டும். குறையும் அந்தச் சிறு பங்கு, நாங்கள் முதலில் அஞ்சிய ஸ்ட்ரான்ஷியம் காலியிடங்களின் வேலையாக இருக்கலாம். மின்தடை 4 கெல்வின் வரை இறங்கியது. ஏறத்தாழ எட்டு மடங்கு, அவ்வளவுதான். அந்தக் கோட்டில் முதல் கோட்டின் பகட்டு இல்லை. ஆனால் அது எங்கள் படலத்தின் கோடு.

தம்பி தன் குறிப்பேட்டில் வெப்பநிலை, அழுத்தம், தடிமன் என்ற பத்திகளுக்குப் பக்கத்தில் கோடு போட்டுப் புதிதாக ஒரு பத்தி சேர்த்திருக்கிறார். தலைப்பைத் தமிழிலேயே எழுதியிருக்கிறார்: “கொடுத்தது யார்”. வெள்ளிக்கிழமை மாதிரிக்கு நேரே “ஆக்சிஜன் காலியிடம், அடிப்படிகம்” என்று எழுதிவிட்டு, அடுத்த வரியில் “லாந்தனம், 82 விழுக்காடு, மீதி பார்க்க வேண்டும்” என்று குறித்திருந்தார்.